555 ஐசி கொண்டு அமைத்த விளக்கு டைமர் 5 நிமிடத்தில் அணைவதில்லை: காரணம் என்ன?

கேள்வி

வணக்கம். மின்னணுவியலில் நான் தொடக்கநிலையில் இருப்பவன். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் படிக்கட்டு விளக்கு எரிந்து, 5 நிமிடம் கழித்துத் தானாக அணையும்படி ஒரு டைமர் சுவிட்சை நானே அமைக்க விரும்புகிறேன். 12 வோல்ட் அடாப்டரில் இயங்கும் 555 ஐசியை (நேரக் கணக்குக்கான சில்லு) பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் இணைக்கும் சோதனைப் பலகை) பொருத்தி, அதன் 3-ஆம் காலிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் வழியாக ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இயக்குகிறேன். இப்போதைக்கு ரிலேயில் மாட்டியிருப்பது ஒரு சிறு எல்இடி மட்டுமே.

1 மெகாஓம் ரெசிஸ்டரும் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்தபோது, 1.1 × R × C என்ற கணக்கின்படி 11 வினாடியில் அணைய வேண்டும்; ஏறக்குறைய அப்படியே அணைந்தது. அதே ரெசிஸ்டருடன் 270 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரை வைத்தால் 297 வினாடி வர வேண்டும். ஆனால் முதல் நாள் 20 நிமிடம் காத்திருந்தும் எல்இடி அணையவில்லை. மறுநாள் 8 நிமிடத்தில் அணைந்தது. இணைப்புகளை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். தவறு எங்கே இருக்கிறது என்று விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

உங்கள் இணைப்பில் தவறு இல்லை. 11 வினாடிச் சோதனை சரியாக வந்ததே அதற்குச் சான்று. குறை அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் இருக்கிறது. எலக்ட்ரோலைட்டிக் வகையின் மதிப்பு 20 விழுக்காடு வரை கூடிக் குறையலாம் என்பது பலருக்குத் தெரியும், ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்தால் உங்கள் விளக்கு 6 நிமிடத்துக்குள் அணைந்திருக்கும். இங்கே உண்மையான காரணம் கசிவு மின்னோட்டம், அதாவது கெப்பாசிட்டருக்குள்ளேயே ஒழுகிப்போகும் மின்னோட்டம்.

555 ஐசி தன் 6-ஆம் காலில் மின்னழுத்தம், மின்வழங்கலின் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது உங்கள் சுற்றில் 8 வோல்ட்டை, எட்டும்போதுதான் வெளியீட்டை அணைக்கும். அந்த நிலையை நெருங்கும்போது ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் இடையே எஞ்சுவது 4 வோல்ட். 1 மெகாஓம் வழியே அப்போது செல்வது வெறும் 4 மைக்ரோஆம்பியர். இந்த அளவுள்ள எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குத் தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் கசிவோ பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு. ஓட்டைக் குடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விடுவதைப் போன்றதுதான் இது: விழும் நீரும் ஒழுகும் நீரும் சமமானதும் மட்டம் அங்கேயே நின்றுவிடும். நெடுநாள் பயன்படுத்தாமல் கிடந்த கெப்பாசிட்டரில் உள்ளிருக்கும் ஆக்சைடு படலம் நலிந்திருப்பதால் கசிவு அதிகமாக இருக்கும். மின்னழுத்தம் கொடுத்து வைத்திருந்தால் அது மெல்லக் குறையும். முதல் நாள் அணையாததும் மறுநாள் 8 நிமிடத்தில் அணைந்ததும் இதனால்தான்.

6-ஆம் காலை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஆனால் அளந்தவுடன் மீட்டரை எடுத்துவிடுங்கள், ஏனெனில் 10 மெகாஓம் உள்தடை கொண்ட மீட்டரே அங்கு 0.8 மைக்ரோஆம்பியர் வரை இழுத்துக்கொள்ளும்.

ரெசிஸ்டரை 100 கிலோஓமாகக் குறைத்து, கெப்பாசிட்டரை 2700 மைக்ரோஃபாரடாகக் கூட்டினால் சரியாகிவிடும் என்று யாரேனும் சொல்லக்கூடும். மின்னோட்டம் பத்து மடங்காகும்போது கசிவும் ஏறத்தாழப் பத்து மடங்காகும் என்பதால் அதில் பயனில்லை. என் அனுபவத்தில், ஓரிரு நிமிடங்களுக்கு மேல் 555 ஐசியை நேரடியாக நம்பக்கூடாது.

மறுமொழி 2

முன்னவர் சொன்னது முற்றிலும் சரி. நீண்ட நேரத்துக்கு உகந்த வழி, சிறிய கெப்பாசிட்டரைக் கொண்டு வேகமான துடிப்பை உண்டாக்கி அதை எண்ணுவது. சிடி4060 என்ற ஐசியில் துடிப்பை உண்டாக்கும் அலையாக்கியும் 14 படி எண்ணியும் ஒன்றாகவே இருக்கின்றன. 8192 துடிப்புகள் முடிந்ததும் அதன் 3-ஆம் கால் உயர்நிலைக்குச் செல்லும். 300 வினாடிக்கு ஒரு துடிப்பு 36.6 மில்லிவினாடி நீடித்தால் போதும்.

100 நானோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரை 9-ஆம் காலுக்கும், 120 கிலோஓம் ரெசிஸ்டரையும் 100 கிலோஓம் பிரீசெட்டையும் (திருகி மதிப்பை மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) தொடராக 10-ஆம் காலுக்கும், 1 மெகாஓம் ரெசிஸ்டரை 11-ஆம் காலுக்கும் கொடுத்து, இம்மூன்றின் மறுமுனைகளையும் ஒன்றாக இணையுங்கள். 3-ஆம் காலிலிருந்து 11-ஆம் காலுக்கு ஒரு 1என்4148 டையோடை, அதன் கோடு 11-ஆம் கால் பக்கம் இருக்குமாறு வைத்தால், நேரம் முடிந்ததும் அலையாக்கி நின்றுவிடும். பொத்தான், 12-ஆம் காலை 12 வோல்ட்டுடன் இணைக்க வேண்டும். அதே காலிலிருந்து தரைக்கு (மின்வழங்கலின் எதிர்முனைக்கு) 10 கிலோஓம் கொடுங்கள். நேரம் ஓடும்போது 3-ஆம் கால் தாழ்நிலையில் இருப்பதால், ரிலேயை இயக்க பிசி557 போன்ற பிஎன்பி டிரான்சிஸ்டரையும் அதன் பேஸில் 10 கிலோஓமையும் பயன்படுத்துங்கள். ரிலே சுருளின் குறுக்கே 1என்4007 டையோடு கட்டாயம். ஐசியின் மின்வழங்கல் கால்களுக்கு அருகே ஒரு 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் வேண்டும்.

இந்த ஐசியில் எனக்கு மிகவும் பிடித்த வசதி, நேரத்தைச் சரிசெய்ய 5 நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான். 7-ஆம் காலில் 4.7 கிலோஓமுடன் ஒரு எல்இடியை வையுங்கள். அது 5 நிமிடத்தில் 512 முறை மின்னும். எனவே 30 வினாடியில் 51 முறை மின்னும்படி பிரீசெட்டைத் திருப்பினால் போதும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பழைய சுற்றில் 6-ஆம் கால் 7 வோல்ட்டிலேயே நின்றுவிட்டதை என் கண்ணாலேயே கண்டேன். புதிய சுற்றில் முதலில் 30 வினாடிக்கு 56 முறை மின்னியது; பிரீசெட்டைச் சிறிது கூட்டி 51-க்குக் கொண்டுவந்தேன். கடிகாரத்தில் பார்த்தபோது 5 நிமிடம் 2 வினாடியில் அணைந்தது. இனி இதைப் புள்ளிப் பலகையில் சால்டர் செய்து, ரிலேயையும் அதிலேயே பொருத்திப் படிக்கட்டு விளக்குக்குக் கொடுக்கலாமா?

மறுமொழி 3

அந்த ஒரு படியில் மட்டும் தயவுசெய்து நிதானியுங்கள். புள்ளிப் பலகையின் செம்புப் புள்ளிகளுக்கிடையே உள்ள இடைவெளி வீட்டு மின்சாரத்துக்குப் போதாது. ரிலேயின் சுருள் பக்கத்துக்கும் (12 வோல்ட்) தொடுமுனைப் பக்கத்துக்கும் (வீட்டு மின்சாரம்) இடையே குறைந்தது 6 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஆகவே திருகு முனைகளுடன் தயாராக வரும் ரிலே பலகையை அல்லது சாக்கெட்டில் செருகும் ரிலேயைத் தனியே வையுங்கள். உங்கள் பலகையிலிருந்து அதற்கு 12 வோல்ட் கம்பிகள் மட்டுமே செல்லட்டும். அடாப்டரையும் மாற்றாதீர்கள். இடத்தை மிச்சப்படுத்த, மின்மாற்றி இல்லாமல் கெப்பாசிட்டர் வழியாக மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்றைச் சிலர் வைப்பதுண்டு. அதில் நீங்கள் விரல் வைக்கும் பொத்தான் உட்பட அனைத்தும் மெயின்ஸுடன் நேரடித் தொடர்பில் இருக்கும்.

ரிலேயின் தொடுமுனை ஃபேஸ் (மின்னழுத்தம் உள்ள) கம்பியில்தான் வர வேண்டும், நியூட்ரலில் வரக்கூடாது. இல்லையெனில் விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். எல்இடி விளக்குகள் எரியத் தொடங்கும் கணத்தில் பெரும் மின்னோட்டத்தை இழுப்பதால், ஒரே விளக்காக இருந்தாலும் 10 ஆம்பியர் ரிலேயையே தேர்ந்தெடுங்கள். முன்னால் ஒரு ஃபியூஸும், சுற்றிலும் மூடிய பிளாஸ்டிக் பெட்டியும் வேண்டும். பெட்டியிலிருந்து சுவர் வரையிலான இணைப்பை, மெயினை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடம் செய்யச் சொல்லுங்கள். இப்போதுள்ள சுவர் சுவிட்சைக் கழற்றாமல் ரிலேயின் தொடுமுனைக்கு இணையாகவே விட்டுவைக்கச் சொன்னால், டைமர் பழுதானாலும் படிக்கட்டில் வெளிச்சம் இருக்கும்.