மறு: சோஷியல் கிரேடியன்ட் – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். அச்சுக்குப் போகவிருக்கும் நம் கையேட்டுக்காக 'சோஷியல் கிரேடியன்ட்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். சமூகத்தில் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்க இறங்க உடல்நலமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இனி, குழுவில் வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> 'நல ஏற்றத்தாழ்வு' என்றே வைத்துக்கொள்ளலாமே? ஏற்கெனவே புழங்கும் சொல்தானே.

புழங்கும் சொல்தான். ஆனால் அதைக் கேட்டதும் மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று இரண்டு பேர்தான் மனத்தில் வருகிறார்கள். நமக்கு வேண்டிய சொல் நடுவில் நிற்பவர்களையும் காட்ட வேண்டும்.

லண்டனில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கு உட்பட்ட ஆண்கள் எல்லோரும் அரசு ஊழியர்கள். எல்லோருக்கும் அரசு மருத்துவமும் உண்டு. அப்படியிருந்தும் கடைநிலை ஊழியர்கள் உயரதிகாரிகளைப் போல மூன்று மடங்குக்கும் மேலாக இதயநோயால் இறந்ததை மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட் குழுவினர் கண்டார்கள். என்னை உலுக்கியது வேறொன்று. உயரதிகாரிக்கு ஒரே ஒரு படி கீழே, நல்ல சம்பளத்தில் இருந்தவர்களும் அவர்களைவிடக் கூடுதலாக இறந்திருக்கிறார்கள். புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது.

படிப்பிலும் இதேதான். நம் தேசியக் குடும்பநல ஆய்வு, குழந்தை இறப்பைத் தாய் பள்ளியில் படித்த ஆண்டுகள் வாரியாகப் பிரித்துத் தருகிறது. பொதுவாக, ஆண்டுகள் கூடக் கூட இறப்பு குறைந்துகொண்டே போகிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்று ஒரே கோடு கிழித்து இதை விளக்கிவிட முடியாது.

சரி, சொல்லுக்கு வருவோம்.

'நலச்சரிவு' என்று நானே முதலில் எழுதினேன். கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒருவரிடம் கையெழுத்துப் படியைக் காட்டியபோது, "யாருக்கு உடம்பு மோசமாகுது?" என்று கேட்டார். அதோடு அதை விட்டுவிட்டேன்.

'வாட்டம்' எனக்கு மிகவும் பிடித்த சொல். தண்ணீர் ஓட வாட்டம் வைத்துத் தளம் போடு என்று கொத்தனார் சொல்வது எவ்வளவு துல்லியம்! ஆனால் நலத்தோடு சேர்த்தால் வாடிப்போவதாகத்தான் படும்.

> இலங்கைப் பாடநூல்களில் கிரேடியன்டுக்குப் படித்திறன் என்ற சொல் உண்டு.

அருமையான சொல். 'படி' என்பதற்குள் படிக்கட்டும் இருக்கிறது, கல்வியும் இருக்கிறது. ஆனால் கணிதத்தை விட்டு வெளியே வந்தால், அதுவும் கல்வி பற்றிய கட்டுரையில், 'படிக்கும் திறன்' என்றுதான் வாசிப்பார்கள். மனமில்லாமல்தான் விடுகிறேன்.

என் பரிந்துரை 'உடல்நலச் சாய்வு'. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குக் கோட்டின் சாய்வு தெரியும். ஒரு படி நகர்ந்தால் எவ்வளவு மாறுகிறது என்பதே அதன் பொருள். அப்புறம், மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் இடையே நலம் எவ்வளவு மாறுகிறது என்பதை ஒரே எண்ணில் சொல்ல, இந்தத் துறையில் ஸ்லோப் இன்டெக்ஸ் என்ற அளவை உண்டு. அதைச் 'சாய்வுக் குறியீடு' என்று சிரமமின்றிச் சொல்லிவிடலாம். ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல் பிறக்க வேண்டும் அல்லவா?

'சமூக நலச்சாய்வு' மட்டும் வேண்டாம். சமூகநலத் துறை நினைவுக்கு வந்துவிடும். முழுதாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'உடல்நலத்தின் சமூகச் சாய்வு' என்று எழுதலாம்.

சாய்வு என்றால் ஒருபக்கமாகச் சாய்வது, பாரபட்சம் என்ற பொருளும் தொனிக்கிறதே என்று சிலர் கேட்கலாம். தொனிக்கட்டும் என்பேன். இங்கே அது தவறான பொருளும் இல்லை.

இலங்கை நண்பர்களே, உங்கள் காதுக்கு இது எப்படி இருக்கிறது? கையேடு அச்சுக்குப் போகுமுன் உங்கள் கருத்து தெரிந்தால் நல்லது.