புதுப்பிப்பு: மனசு நிற்காமல் ஓடுகிறது என்று கேட்டிருந்தேனே, எனக்குப் பலன் தந்தது இதுதான்

சாப்பிட்ட ருசி தெரியவில்லை, மகள் பேசுவது காதில் ஏறவில்லை, மனசு எப்போதும் நாளைக்கே ஓடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் மூச்சை எண்ணிப் பார்த்தேன். கண்ணை மூடி உட்கார்ந்தாலே படபடப்புக் கூடியது. "சிலருக்கு அப்படித்தான், வலுக்கட்டாயம் வேண்டாம்" என்று குடியாத்தம் அக்கா சொல்லியிருந்தார். விட்டுவிட்டேன்.

கைகொடுத்தது காட்பாடி அண்ணன் சொன்ன நடை. விடிகாலையில் வேலூர்க் கோட்டை அகழி ஓரமாக, போனை வீட்டில் வைத்துவிட்டு நடப்பேன். குதிகால் பதிவது, எடை முன்பாதத்துக்கு நகர்வது, கடைசியாகப் பெருவிரல் தரையை விட்டு எழுவது, இவற்றை மட்டும் கவனிக்க வேண்டும். கடன் தவணை ஞாபகம் வரும், வரட்டும். திட்டாமல் மறுபடி காலுக்கே திரும்பினால் போதும். அந்தத் திரும்புதல்தான் பயிற்சியே. வேலூர் வெயிலுக்கு ஏழு மணிக்குள் முடிப்பது நல்லது.

அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் 1979இல் தொடங்கிய, மனசை இந்தக் கணத்தில் நிறுத்தப் பழக்கும் 8 வாரப் பயிற்சியில் ஓர் உலர்திராட்சையை நிதானமாக மென்று தின்பதும் உண்டு. நான் அதை இட்லியின் முதல் வாயில் செய்கிறேன். மாவின் லேசான புளிப்பு இப்போது தெரிகிறது.

எதிர்பாராதது ஒன்று. அமைதிக்கு முன்னால் அப்பா போன துக்கம் பொங்கி வந்தது. நின்று, காக்கைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், மெல்ல அடங்கியது. உங்களுக்கு அடங்காவிட்டால் தனியாகத் தாங்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.