தைராய்டு குறைவால் கை மரத்துப்போகுமா?

திண்டுக்கல் செல்வி:
அம்மாவுக்கு 54 வயது. கொஞ்ச மாதங்களாக நடுராத்திரியில் வலது கை மரத்துப்போய் எழுந்துவிடுகிறார், உதறினால்தான் உணர்வு வருகிறது. வெங்காயம் நறுக்கும்போது கத்தி நழுவுகிறது. பேச்சு இழுக்கிறது, அடுப்பில் பாலை வைத்ததே நினைவில்லை. கழுத்து எலும்பு தேய்மானம் என்று சொல்லி நரம்பு மாத்திரை கொடுத்தார்கள், ஒன்றும் குறையவில்லை. இப்போது தைராய்டு ரத்தச் சோதனையில் டிஎஸ்எச் 42 என்று வந்திருக்கிறது. கழுத்தில் இருக்கிற சுரப்பிக்கும் கைவிரலுக்கும் என்ன சம்பந்தம்? மறதியும் இதனால்தானா? ரொம்பப் பயமாக இருக்கிறது.

பிசியோ கார்த்தி:
சம்பந்தம் இருக்கிறது, சகோதரி. டிஎஸ்எச் என்பது தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறையக் குறைய இது ஏறும். பொதுவாக 4-க்குள் இருக்க வேண்டும், 42 என்றால் தைராய்டு நன்றாகவே குறைந்திருக்கிறது. தைராய்டு ஹார்மோன் குறையும்போது நீரை இழுத்துவைக்கும் ஒருவகைப் பொருள் திசுக்களில் சேர்ந்துகொள்ளும், முகம் உப்புவதும் அதனால்தான். மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு கெட்டியான பட்டைக்கும் நடுவே இருக்கும் குறுகிய பாதையில் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன, அங்கே வீக்கம் வந்தால் முதலில் நசுங்குவது நரம்புதான். கார்ப்பல் டனல் என்பது இதைத்தான். அம்மாவுக்குச் சுண்டுவிரலும் மரக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

செல்வி:
கேட்டேன் அண்ணா. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும்தானாம். சுண்டுவிரலில் ஒன்றுமில்லை.

பிசியோ கார்த்தி:
மணிக்கட்டுப் பாதையில் போகும் அந்த நரம்பு சுண்டுவிரலுக்குப் போவதில்லை. அப்படியென்றால் கழுத்தைவிட மணிக்கட்டைத்தான் நான் சந்தேகிப்பேன். நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை செய்தால் தெளிவாகிவிடும். அதுவரை ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமல் தாங்கும் பட்டை (ஸ்பிளிண்ட்) போட்டுத் தூங்கட்டும்.

கோவை மீனா:
என் அக்காவுக்கும் மறதி இருந்தது செல்வி, சமையலறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நின்றுவிடுவார். தைராய்டு மாத்திரை ஆரம்பித்து அளவு சரியான பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தது. ஹார்மோன் குறைந்தால் மூளையின் வேகமே குறையும், மனச்சோர்வும் கூட வரும், அதை வயசாகிவிட்டது என்று வீட்டில் தள்ளிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை. அக்காவுக்குக் குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது பாதம் துள்ளிவிட்டுத் திரும்பி இறங்க நேரமெடுத்தது, தைராய்டு குறைவில் இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் காட்டினார்.
ரத்தத்தில் வைட்டமின் பி12, சர்க்கரை இரண்டையும் பார்த்துவிடுங்கள். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ வகையில் பி12 குறைவும் சேர்ந்து வருவதுண்டு, அதுவும் மரத்துப்போதலும் மறதியும் தரும்.

மருந்தாளுநர் ரவி:
தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் கொடுங்கள், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் காபி கூட வேண்டாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் மறுபடி பார்ப்பார்கள், அதற்குள் குறையவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். அம்மாவுக்கு இதயப் பிரச்சினை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள். உடம்பு சில்லிட்டு, எழுப்பினாலும் தெளியாத தூக்கமாக இருந்தால் மட்டும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

பிசியோ கார்த்தி:
இன்னொன்று. இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துக் கட்டைவிரலின் அடிச்சதையைப் பாருங்கள். வலப்பக்கம் வற்றித் தட்டையாகத் தெரிந்தால் தைராய்டு சரியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நரம்பு டாக்டரை இந்த வாரமே பாருங்கள்.