11 விநாடி வேகமாக ஓடிய நாய் எப்படிக் கீழே போனது? அஜிலிட்டி லீக் பட்டியலைப் புரிந்துகொள்ள உதவி தேவை

முத்து வீடு எழுதியது:

வணக்கம். நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம். எங்கள் முத்து கலப்பினம், தோள் உயரம் 38 செ.மீ., அஜிலிட்டியில், அதாவது தடைகளைக் கடந்து ஓடும் நாய்ப் போட்டியில், மீடியம் உயர வகுப்பில் ஓடுகிறான். அவனைப் பழக்கி ஓட்டுவது 13 வயதான என் மகள். இந்த ஆண்டுதான் ஏ1 தரத்தில் தொடங்கினோம். எங்கள் வட்டாரத்தில் சில கிளப்புகள் சேர்ந்து நடத்தும் சிறிய லீக்கில் நான்கு சுற்றுகள் முடிந்திருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் அஜிலிட்டி ஒன்று, நடைப்பலகை போன்றவை இல்லாத ஜம்பிங் ஒன்று என இரண்டு ஓட்டங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அஜிலிட்டி ஓட்டத்துக்குக் குறித்த நேரம் 50.00 விநாடி. முத்து 41.37 விநாடியில் முடித்துவிட்டான். மைதானத்தில் அன்று அவ்வளவு வேகமாக வேறு எந்த நாயும் ஓடவில்லை. ஆனால் தாளில் அவனுக்கு 4ஆம் இடம். 3ஆம் இடத்தில் இருக்கும் நாய் 52.80 விநாடி எடுத்திருக்கிறது. குறித்த நேரத்தையே தாண்டிய நாய் எப்படி எங்களுக்கு மேலே வரும்?

ஜம்பிங்கில் இன்னொரு குழப்பம். முத்துவுக்கு எதிரே 13.20 என்று இருக்கிறது. ஒவ்வொரு பிழைக்கும் 5 என்றால் இந்த 3.20 எங்கிருந்து வந்தது?

மூன்றாவது, லீக் பட்டியல். எட்டு ஓட்டங்களிலும் முத்து எடுத்த இடப்புள்ளிகள் 12, 10, 8, 8, 6, 5, 4, 2. கூட்டினால் 55. பட்டியலில் 49 என்று போட்டிருக்கிறார்கள். 51 புள்ளி எடுத்த நாய் எங்களுக்கு மேலே நிற்கிறது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை 52.80 எடுத்த அதே நாய்தான்.

மகள் வீடு வரும்வரை காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. தவறு நடந்திருந்தால் கேட்க வேண்டும். நாங்கள்தான் புரிந்துகொள்ளவில்லை என்றால் அவளுக்குச் சரியாக விளக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடலி எழுதியது:

இதில் என்ன சந்தேகம்? ஓட்டப்பந்தயம் என்றால் நேரம்தான் முதலில். 41 விநாடி எடுத்தவனை 52 விநாடி எடுத்தவனுக்குக் கீழே போட்டால் அது எழுதியவரின் தவறு. கூட்டலும் தவறாக இருக்கிறது. எழுத்தில் முறையீடு கொடுங்கள்.

பட்டியல் மேசை எழுதியது:

வடலி, அன்போடு சொல்கிறேன், முறையீடு கொடுக்க வைத்துவிடாதீர்கள். நான் பத்து ஆண்டுகளாகப் போட்டிகளில் நேரமும் பிழையும் பதியும் மேசையில் உட்காருகிறவள். அஜிலிட்டியில் முதலில் பார்ப்பது தண்டப்புள்ளியை. அதில் சமமாக நிற்பவர்களைப் பிரிக்கத்தான் நேரம் தேவைப்படுகிறது.

தம்பி, உங்கள் தாளில் நேரத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று எண்கள் இருக்கும். களப்பிழை ஒன்று, நேரப்பிழை ஒன்று, இரண்டும் சேர்ந்த மொத்தம் ஒன்று. முத்துவுக்கும் முதல் மூன்று நாய்களுக்கும் அந்த எண்களை அப்படியே எடுத்துப் போடுங்கள். லீக்கின் விதித்தாள் இருந்தால், எத்தனை ஓட்டங்கள் கணக்கில் சேரும் என்று அதில் எழுதியிருக்கும். அதையும் பாருங்கள்.

முத்து வீடு எழுதியது:

நன்றி அக்கா. அஜிலிட்டித் தாளில் உள்ளது இது:

1ஆம் இடம்: 44.10 விநாடி, களப்பிழை 0, நேரப்பிழை 0, மொத்தம் 0
2ஆம் இடம்: 47.95 விநாடி, களப்பிழை 0, நேரப்பிழை 0, மொத்தம் 0
3ஆம் இடம்: 52.80 விநாடி, களப்பிழை 0, நேரப்பிழை 2.80, மொத்தம் 2.80
4ஆம் இடம், முத்து: 41.37 விநாடி, களப்பிழை 5, நேரப்பிழை 0, மொத்தம் 5.00

ஜம்பிங்கில் குறித்த நேரம் 40.00. முத்து 43.20 விநாடி, களப்பிழை 10, நேரப்பிழை 3.20, மொத்தம் 13.20.

விதித்தாளின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "ஒவ்வொரு நாய்க்கும் பருவத்தின் சிறந்த ஆறு ஓட்டங்களே சேரும்." இதை நான் இதுவரை வாசிக்கவில்லை.

பட்டியல் மேசை எழுதியது:

உங்கள் கேள்விகள் மூன்றுக்கும் விடையை நீங்களே எடுத்துப் போட்டுவிட்டீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசியுங்கள்.

ஜெர்மனியில் நீங்கள் ஓடுவது எஃப்சிஐ என்னும் உலக நாய்கள் கூட்டமைப்பின் விதிப்படி. நடுவர் தடப்பாதையின் நீளத்தை அளந்து, நாய் விநாடிக்கு எத்தனை மீட்டர் ஓட வேண்டும் என்று முடிவு செய்வார். நீளத்தை அந்த வேகத்தால் வகுத்தால் குறித்த நேரம் கிடைக்கும். 160 மீட்டர் பாதைக்கு விநாடிக்கு 3.2 மீட்டர் என்று வைத்தால் 50 விநாடி. அதற்குள் வந்த நாய்க்கு நேரப்பிழை இல்லை. தாண்டினால் ஒரு விநாடிக்கு ஒரு தண்டப்புள்ளி, விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை கணக்கிடுவார்கள். 52.80 எடுத்த நாய்க்கு 2.80 வந்தது அதனால்தான். உங்கள் ஜம்பிங்கில் 43.20 எடுத்ததற்கு 3.20 வந்ததும் அப்படித்தான்.

களப்பிழை ஒவ்வொன்றுக்கும் 5. தடைக்கம்பி விழுந்தால் 5. நடைப்பலகை, சீசோ போன்றவற்றில் இறங்கும்போது வேறு நிறத்தில் இருக்கும் தொடுபகுதியில் பாதம் படாமல் குதித்தால் 5. மறுப்புக்கும் 5. தடைக்கு முன்னால் நின்றுவிடுவது, பக்கமாக ஒதுங்கிப் போய்விடுவது, நாய் வளைந்து வளைந்து போக வேண்டிய வரிசைக் கம்பங்களுக்குள் தவறான இடத்தில் நுழைவது எல்லாம் மறுப்பில் சேரும்.

ஆக, அந்த நாய் பொறுமையாக ஓடி 2.80 வாங்கியது. முத்து பறந்து ஓடி, எங்கோ ஓர் இடத்தில் 5 வாங்கிவிட்டான். குறைந்த தண்டப்புள்ளிக்கே மேல் இடம். குறித்த நேரத்துக்குள் வந்த பிறகு மிச்சம் பிடித்த விநாடிகளைக் கொண்டு ஒரு பிழையையும் கழிக்க முடியாது. புதிதாக வருகிற எல்லோரும் இடறும் இடம் இது. நானும் முதல் ஆண்டில் இதே கேள்வியோடு மேசைக்குப் போய் நின்றேன்.

ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன், ஏனென்றால் இது அழகான விதி. அந்த நாய் 52.80க்குப் பதிலாகச் சரியாக 55.00 விநாடி எடுத்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரப்பிழை 5.00, மொத்தமும் 5.00. முத்துவோடு சமம். அப்போதும் அதுதான் மேலே நிற்கும். மொத்தம் சமமானால், களத்தில் குறைவாகப் பிழை செய்த நாய்க்கே முன்னிடம். அதுவும் சமமானால்தான் நேரத்தைப் பார்ப்பார்கள்.

ஜம்பிங்கில் மறுப்புகளா, விழுந்த கம்பிகளா? அதைச் சொன்னால் இன்னும் உதவலாம்.

முத்து வீடு எழுதியது:

இரண்டும் மறுப்பு அக்கா. வரிசைக் கம்பங்களில் இரண்டு முறை தவறாக நுழைந்தான், மகள் திரும்பக் கூட்டிவந்து சரியாக அனுப்பினாள்.

வடலி எழுதியது:

என் பதிலை நான் விலக்கிக்கொள்கிறேன். விதி தெரியாமல் முறையீடு செய்யச் சொன்னது தவறு, முத்து வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஒன்று கேட்கலாமா? மூன்றாவது முறையும் தவறியிருந்தால் களப்பிழை 15 ஆகியிருக்குமா?

பட்டியல் மேசை எழுதியது:

ஆகியிருக்காது. மூன்றாவது மறுப்போடு தகுதிநீக்கம், தாளில் "டிஸ்" என்று விழும். தவறான தடையை எடுத்தாலும் டிஸ். உச்ச நேரம் என்று இன்னொரு வரம்பு இருக்கிறது, அதைத் தாண்டினாலும் டிஸ்.

மறுப்பில் இழப்பு இரண்டு வழியில். 5 போகிறது, திரும்பக் கூட்டிவரும்போது கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. முத்துவின் 3.20 அந்த இரண்டு திரும்பல்களில் போனதுதான் என்று நினைக்கிறேன். கம்பி விழுந்தால் 5 மட்டுமே, நாய் நிற்காமல் ஓடலாம். ஆகவே பயிற்சிக்கு நேரம் குறைவாக இருந்தால் முதலில் கம்பங்களின் நுழைவைப் பழக்குங்கள்.

நடுவரின் கையைப் பார்க்க மகளுக்குச் சொல்லாதீர்கள், அவள் நாயைப் பார்க்கட்டும். வெளியே நிற்கிற நீங்கள் பாருங்கள். விரித்த கை உயர்ந்தால் பிழை, மூடிய கை உயர்ந்தால் மறுப்பு. மேசையில் இருக்கும் நாங்கள் எழுதுவதும் அந்தக் கையைப் பார்த்துத்தான்.

இப்போது லீக். ஓட்டத்தின் தண்டப்புள்ளி வேறு, லீக்கின் இடப்புள்ளி வேறு. முதலாவது குறைந்தால் நல்லது, இரண்டாவது கூடினால் நல்லது. ஓட்டங்களை எஃப்சிஐ விதி ஆள்கிறது. லீக்கின் கணக்கை நடத்துபவர்களே வகுக்கிறார்கள், ஊருக்கு ஊர் அது வேறுபடும். உங்கள் லீக்கில் சிறந்த ஆறு. 12, 10, 8, 8, 6, 5 சேர்ந்தால் 49. மிச்சமுள்ள 4, 2 இரண்டும் விழுந்துவிட்டன. பட்டியல் சரி.

எல்லாச் சுற்றுக்கும் வர முடியாத குடும்பங்களுக்காகவும், ஒரு நாள் டிஸ் ஆன நாய்க்காகவும்தான் இப்படி வைக்கிறார்கள். எனக்கு இந்த முறை பிடிக்கும். எல்லாவற்றையும் கூட்டினால், நாய்க்குக் கால் வலித்தாலும் புள்ளி போய்விடுமே என்று கொண்டுவந்து ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நியூஜெர்சி நண்பன் எழுதியது:

அமெரிக்காவிலிருந்து ஒரு குறிப்பு. இணையத்தில் தேடினால் எங்கள் ஏகேசி (அமெரிக்கன் கென்னல் கிளப்) முறைதான் நிறைய வரும், அதை இதோடு கலந்துவிடாதீர்கள். இங்கே 100 புள்ளியில் தொடங்கி, பிழைக்குக் கழிப்பார்கள். தொடக்க வகுப்பில் 85 இருந்தால் தேர்ச்சி, மாஸ்டர்ஸில் முழு 100 வேண்டும். கம்பி விழுந்தால் எந்த வகுப்பிலும் அந்த ஓட்டம் தேறாது. மாக் என்னும் சாம்பியன் பட்டத்துக்கு 750 வேகப்புள்ளியும், ஒரே நாளில் இரண்டு ஓட்டங்களிலும் தேறிய நாட்கள் 20உம் வேண்டும். குறித்த நேரத்துக்குக் கீழே வந்த ஒவ்வொரு முழு விநாடியும் இங்கே புள்ளியாகிறது. முத்து இங்கே ஓடினால் வேகத்துக்குப் பலன் உண்டு, ஆனால் பிழை இல்லாமல் ஓடிய பிறகுதான்.

முத்து வீடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வடலி, மன்னிப்பெல்லாம் வேண்டாம், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று இரவு மகளோடு உட்கார்ந்து காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். நடைப்பலகையில் இறங்கும்போது முத்து மஞ்சள் தொடுபகுதிக்கு மேலேயே கால் எடுத்துக் குதித்துவிட்டான். நடுவரின் விரித்த கை தெளிவாகத் தெரிகிறது. மகளும் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டாள். ஆனால் அவள் ஒன்று கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. "அப்படியென்றால் அவனை மெதுவாக ஓடச் சொல்ல வேண்டுமா அப்பா?"

பட்டியல் மேசை எழுதியது:

வேண்டாம். அவனுடைய வேகத்தைக் குறைக்காதீர்கள். ஓடும் ஆசையோடு வரும் நாய் கிடைப்பது பெரிய கொடை.

மகளிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். குறித்த நேரம் 50.00, முத்து 41.37. கையில் 8.63 விநாடி மிச்சம். நடைப்பலகையின் கடைசி 90 செ.மீ. தான் அந்த மஞ்சள் பகுதி. அங்கே முன்னங்கால் தரையிலும் பின்னங்கால் பலகையிலுமாக நிற்கப் பழக்கினால் இரண்டு விநாடி போகும் என்று வைப்போம். 43.37 விநாடி, பிழை 0. முதலிடம் எடுத்த நாயின் நேரம் 44.10. ஞாயிற்றுக்கிழமை அந்த ஓட்டத்தை முத்து வென்றிருப்பான்.

லீக்கில் முதலிடத்துக்கு என்ன புள்ளி? 15 என்றால், முத்துவின் 8 ஒன்று 15 ஆகி மொத்தம் 56 ஆகியிருக்கும். 3ஆம் இடத்து நாய் 4ஆம் இடத்துக்கு இறங்கி, அதன் 10 புள்ளி 8 ஆகி 51 என்பது 49 ஆகியிருக்கும். இரண்டு விநாடி நின்றிருந்தால் பட்டியலே தலைகீழாகியிருக்கும்.

இனி வரும் சுற்றுகளுக்கும் ஒன்று. உங்கள் ஆறில் மிகச் சிறியது 5. புதிதாக 6 எடுத்தால் ஒரு புள்ளிதான் கூடும், 5க்குக் கீழே எடுத்தால் ஒன்றும் மாறாது. ஆகவே பாதுகாப்பாக ஓடி நடு இடம் பிடிப்பதில் உங்களுக்குப் பயன் குறைவு. துணிந்து ஓடலாம். டிஸ் ஆனாலும் ஏற்கெனவே எடுத்த 49 அசையாது. உங்கள் கிளப் குழுப் போட்டியிலும் ஓடினால் அங்கே இந்தத் துணிவு வேண்டாம். எஃப்சிஐ உலகச் சாம்பியன் போட்டியில் குழுவில் ஒரு நாய் டிஸ் ஆனால் 100 தண்டப்புள்ளி ஏறும், அதே முறையைப் பின்பற்றும் குழுப் போட்டிகளும் உண்டு.

இன்னொன்றை நீங்கள் கவனிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். எஃப்சிஐ தரமதிப்பீட்டில் மொத்தத் தண்டப்புள்ளி 0 முதல் 5.99 வரை "ஃபோர்ட்சூக்லிஷ்", அதாவது மிகச் சிறப்பு. 6 முதல் 15.99 வரை "ஸேர் கூட்", மிக நன்று. முத்துவின் 5.00 முதல் தரம், 13.20 இரண்டாம் தரம். அவனுடைய சாதனைப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். முதல் ஆண்டில் 13 வயதுப் பெண் இப்படி ஓட்டியிருக்கிறாள், அதை அவளுக்குக் காட்டினீர்களா?

முத்து வீடு எழுதியது:

இல்லை அக்கா, காட்டவில்லை. உங்கள் பதிலை வாசித்த பிறகுதான் புத்தகத்தைத் திறந்தோம். இரண்டும் அப்படியே இருக்கின்றன. மகள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவுக்கு அனுப்பினாள்.

முதலிடத்துக்கு 15 தான். 56 என்ற எண்ணைத் தன் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். இன்று மாலை தோட்டத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, கடைசி 90 செ.மீ. அளந்து மஞ்சள் பூசினோம். காய்ந்ததும் தொடங்குகிறோம். அடுத்த சுற்று மூன்று வாரத்தில்.

பட்டியல் மேசை எழுதியது:

பூச்சில் கொஞ்சம் மணல் கலந்து இன்னொரு முறை பூசுங்கள், வழுக்கினால் பலகை மேலேயே அவனுக்குப் பயம் வந்துவிடும். முதல் வாரம் பலகையைத் தாழ்வாகவே வையுங்கள். அடுத்த சுற்றின் தாளையும் இங்கே போடுங்கள், களப்பிழையும் நேரப்பிழையும் தனித்தனியாக.