சொல் வேண்டும்: 'விசையை அழுத்தும் விசை'

கும்பகோணத்திலிருந்து ஆசிரியை:
வணக்கம். எங்கள் பள்ளிக் கணினி மன்றப் பிள்ளைகள் ஒரு மெக்கானிக்கல் கேமிங் கீபோர்டின் பெட்டியைப் பிரித்து, கையில் எடுத்ததும் தோன்றியதைத் தமிழில் பேசி வீடியோ எடுக்கிறார்கள். திங்கட்கிழமை ஒலிப்பதிவு. இடறுவது ஒரே இடத்தில். உள்ளே இருப்பது செர்ரி நிறுவனத்தின் சிவப்பு சுவிட்ச். 45 சென்டிநியூட்டன் கொடுத்தால், 2 மில்லிமீட்டர் இறங்கியதும் எழுத்து பதிவாகிவிடும். அடிவரை போனால் 4 மில்லிமீட்டர். இதை எழுதினால் 'விசையை அழுத்தத் தேவையான விசை' என்று வருகிறது. கீயும் விசை, ஃபோர்ஸும் விசை. எட்டாம் வகுப்பிலேயே 'விசையும் அழுத்தமும்' படித்த பிள்ளைகள் குழம்புகிறார்கள். 'அழுத்தம்' என்றும் போட முடியாது, அது பாஸ்கல் கணக்கு. உதவுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து:
டீச்சர், 'மெக்கானிக்கல்' என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. எங்கள் ஊரில் விசைப்படகு என்றால் இன்ஜின் வைத்த படகு. 'இயந்திர விசைப்பலகை' என்றால் மோட்டார் எங்கே என்று கேட்பார்கள். சாதாரண கீபோர்டில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு. இதில் ஒவ்வொன்றுக்கும் ஸ்பிரிங் வைத்த தனி சுவிட்ச். 'தனிச்சுவிட்ச் விசைப்பலகை' என்றே சொல்லலாம். விசைக்குப் பதில் 'பொத்தான்' போதும்.

திருவாரூரிலிருந்து:
பொத்தான் போர்ச்சுகீசியச் சொல், தம்பி. சுவிட்சும் வேண்டாம். ஈழத்தில் 'ஆளி' என்று பாடநூலிலேயே எழுதுகிறார்கள். மின்னோட்டத்தை ஆள்வது ஆளி. இல்லையென்றால் நம் ஆற்றுப்பாசனச் சொல் 'மடை' இருக்கிறதே!

நாகப்பட்டினத்திலிருந்து:
1658-ல் டச்சுக்காரர்கள் பிடிக்கும்வரை நாகை போர்ச்சுகீசியர் கையில்தான் இருந்தது, ஐயா. நீங்கள் வீட்டைப் பூட்டும் சாவியும் அவர்கள் சொல்தான். வடசொல்லையே எழுத்தை மாற்றி ஏற்றுக்கொள்ளத் தொல்காப்பியம் வழி சொல்கிறது. பொத்தானில் அயல் எழுத்துகூட இல்லை.

தஞ்சாவூரிலிருந்து:
மடை சரிவராது. மடையைத் திறந்தால் தண்ணீர் பாயும். மின்சுற்றை மூடினால்தான் மின்சாரம் பாயும். பாடத்தில் 'மூடிய சுற்று' என்று படிக்கும் பிள்ளைக்கு இது தலைகீழாக இருக்கும். ஆளி என்றால் இங்கே கோயில் தூணில் நிற்கும் யாளிதான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை 'கட்டை'. பாடகரிடம் 'எத்தனை கட்டை சுருதி?' என்று கேட்கிறோமே, அது ஆர்மோனியக் கட்டை. விரலால் அழுத்துகிறோம், இறங்குகிறது, விட்டால் எழும்புகிறது. நம் கச்சேரி மேடைகளில் புழங்கிய சொல், யாரும் உருவாக்கித் தர வேண்டியதில்லை. 'கட்டையை அழுத்த 45 சென்டிநியூட்டன் விசை வேண்டும்.' வாசித்துப் பாருங்கள், குழப்பமே இல்லை. மேலே எழுத்து பொறித்த மூடியான கீகேப்புக்குக் 'கட்டைமூடி' என்று சொல்லலாம்.

திருவாரூரிலிருந்து:
அப்படியானால் விசைப்பலகையைக் கட்டைப்பலகை ஆக்குவதா? தமிழ்99 என்ற தட்டச்சு அமைப்பு வந்த காலத்திலிருந்து ஊன்றிய பெயர் அது. கட்டைப்பலகை என்றால் மரக்கடைக்குத்தான் போவார்கள்.

கும்பகோணத்திலிருந்து ஆசிரியை:
எல்லோருக்கும் நன்றி. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக் கருவிக்கு விசைப்பலகை, தனி ஒன்றுக்குப் பொத்தான், அடியில் சுவிட்ச், அழுத்துவது விசை என்று பெரும்பாலானோர் சொல்கிறார்கள். கட்டை எனக்கும் பிடித்தது; பாட்டு கற்கும் பிள்ளைகள் மட்டும்தான் அதற்குக் கை தூக்கினார்கள். திங்கட்கிழமைக்கு இப்படியே போகிறோம்.

தஞ்சாவூரிலிருந்து:
சரி, வீடியோவுக்கு அது போதும். சொற்பட்டியலில் கட்டையையும் சேர்த்து வையுங்கள்.

திருவாரூரிலிருந்து:
ஆளி பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. அப்புறம், நீல சுவிட்ச் எழுப்பும் 'க்ளிக்' ஓசைக்கு என்ன சொல்வது? 'சொடுக்கு' என்பதை மவுஸ் எடுத்துக்கொண்டதே.