மறு: 'கிச்சன் சிங்க் ரியலிசம்': தமிழில் என்ன?

> 'சமூக யதார்த்தவாதம்' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடலாமே. கிச்சன் சிங்குக்குத் தனிச்சொல் எதற்கு?

ஐயா, வணக்கம்.

இரண்டும் ஒன்றல்ல. எளிய உழைப்பாளிகளின் வாழ்வை உள்ளபடி காட்டும் சமூக யதார்த்தம் பிரித்தானியப் படங்களில் நெடிய மரபு. 1929இல் ஜான் கிரியர்சன் வடகடலில் ஹெர்ரிங் மீன் பிடிப்பவர்களைப் படமாக்கிய 'டிரிஃப்டர்ஸ்' முதல், 2016இல் கென் லோச்சுக்குக் கான் விழாவில் தங்கப்பனை வாங்கித் தந்த 'ஐ, டேனியல் பிளேக்' வரை அதில் அடங்கும். கிச்சன் சிங்க் என்பது அதற்குள் எழுந்த ஓர் அலை. பெரும்பாலும் 1959 முதல் 1963 வரை. 'ரூம் அட் த டாப்', 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்', 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி', கடைசியாக 'திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்'.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'சமூக யதார்த்தவாதம்' என்றதும் நம்மவர்களில் பாதிப்பேர் 'சோசலிச யதார்த்தவாதம்' என்று படித்துவிடுகிறார்கள். அது 1934இல் சோவியத் எழுத்தாளர் மாநாடு ஏற்ற கொள்கை. நாட்டிங்ஹாமில் லேத் ஓட்டிவிட்டுச் சனிக்கிழமை குடிக்கப் போகும், 'சாட்டர்டே நைட்' பட நாயகன் ஆர்தர் சீட்டனுக்கு எந்தக் கட்சிக் கொள்கையும் கிடையாது. ஆகவே பொதுமரபுக்குச் 'சமூக நடப்பியல்' என்கிறேன்.

அலைக்கு என்ன பெயர்? 'அடுக்களை யதார்த்தம்' என்று முன்மடலில் வந்தது. எனக்கு ஒப்பவில்லை. அடுக்களை என்றால் சமையல். படிப்பவர் பெண்களைப் பற்றிய படங்கள் என்று நினைத்துக்கொள்வார். இவற்றில் பெரும்பாலானவை கோபக்கார இளைஞர்களின் கதை. ஷீலா டிலேனி பத்தொன்பது வயதில் எழுதிய நாடகத்தின் படவடிவமான 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி'தான் பெரிய விதிவிலக்கு.

பெயர் படத்துக்கென்று பிறந்ததும் அல்ல. 1954இல் டேவிட் சில்வெஸ்டர் என்ற விமர்சகர் ஜான் பிராட்பி போன்ற ஓவியர்களைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பு அது. வீட்டுச் சாமான் ஒன்றுவிடாமல் வரைகிறார்கள், பாத்திரம் கழுவும் தொட்டி உட்பட, என்ற கிண்டல் அதில் இருக்கிறது. பிறகு நாடகத்துக்கும் படத்துக்கும் தாவிற்று. ஆக, சொல்லில் இருப்பது அடுப்பு அல்ல, கழுவுமிடம். அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: அங்கணம்.

என் பரிந்துரை: அங்கண நடப்பியல்.

---

> என் பரிந்துரை: அங்கண நடப்பியல்

நல்ல சொல்தான். ஆனால் சென்னையில் யாருக்குத் தெரியும்? என் பிள்ளைகளுக்குச் 'சிங்க்'தான். குறளில்கூட அங்கணம் அழுக்கான இடமாகத்தானே வருகிறது? 'அங்கணத்துள் உக்க அமிழ்தற்றால்'...

---

அம்மா, குறளைச் சொன்னீர்களே, என் வேலை பாதி முடிந்தது. அந்த அழுக்கு வேண்டும். 'ரூம் அட் த டாப்', 'சாட்டர்டே நைட்' இரண்டுக்கும் தணிக்கையாளர்கள் சிறுவர் பார்க்கக் கூடாது என்னும் 'எக்ஸ்' சான்றிதழ்தான் கொடுத்தார்கள். மணமான பெண்ணோடு உறவு, கருக்கலைப்புப் பேச்சு என்று அதுவரை திரையில் ஒளித்துவைத்ததெல்லாம் வெளியே வந்தது. வழவழப்பான சொல் போட்டால் இது போய்விடும்.

சொல் தெரியாது என்பதை ஏற்கிறேன். நெல்லை, மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் அங்கணக்குழி என்றால் உடனே காட்டுவார்கள். மற்றவர்களுக்காக அகராதிப் பதிவில் ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடலாம்.

அடுத்து 'ஃப்ரீ சினிமா' மிச்சமிருக்கிறது. லிண்ட்சே ஆண்டர்சன், கேரல் ரைஸ், டோனி ரிச்சர்ட்சன் முதலியோர் 1956 பிப்ரவரியில் லண்டனில் திரையிடத் தொடங்கிய குறும்படங்களின் பெயர். 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்பதைக் 'கட்டற்ற மென்பொருள்' என்று எழுதும் நம் குழுமப் பழக்கத்தில் 'கட்டற்ற' என்றே கை போகிறது. வணிகக் கட்டு இல்லை என்ற பொருளில் பொருந்தவும் செய்கிறது. ஆனால் அவற்றில் சிலவற்றுக்குப் பணம் கொடுத்தது ஃபோர்டு மோட்டார் கம்பெனி! 'கட்டற்ற சினிமா'வா, 'சுதந்திர சினிமா'வா? மென்பொருள்காரர்கள் முதலில் சொல்லட்டும்.