கவ்வுகட்டையா, முன்கட்டையா? டிரம் பிரேக் கையேட்டுச் சொற்கள்

குன்னூரிலிருந்து:

டிரம் பிரேக் கையேட்டைத் தமிழில் எழுத வைத்த சொற்களைப் பார்த்தேன். சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உட்புறத்தை அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூவுக்குத் ‘தடைக்கட்டை’ இருக்கட்டும். ஒர்க்‌ஷாப்பில் ஷூ என்றுதான் கேட்பார்கள், அதையும் பக்கத்தில் போடுங்கள். எனக்கு ஒப்பாதது, லீடிங், டிரெய்லிங் இரண்டையும் முன்கட்டை, பின்கட்டை என்று வைத்தது. அது இடத்தைத்தான் சொல்கிறது. பெடலை மிதித்ததும் ஷூக்களை விரிக்கும் வீல் சிலிண்டர் மேலேயும் அசையாத முட்டு கீழேயும் உள்ள பின்சக்கரத்தில், வண்டி முன்னே ஓடும்போது டிரம் முன்பக்க ஷூவை இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். பின்பக்க ஷூவை விலக்கித் தள்ளும். ரிவர்ஸில் வேலை மாறும். ஆகவே ‘கவ்வுகட்டை’, ‘விலகுகட்டை’. முன்பக்க லைனிங் (ஷூ மேல் உள்ள உரசுபட்டை) ஏன் சீக்கிரம் தேய்கிறது என்று கேட்பவருக்குப் பெயரே பதில்.

கோத்தகிரியிலிருந்து:

எல்லா டிரம்முக்கும் இது பொருந்தாது அண்ணா. டுயோ-சர்வோ வகையில் கீழே அசையாத முட்டு கிடையாது. முன் ஷூ நகர்ந்து, ஸ்டார் வீல் (இரண்டு ஷூக்களுக்கும் நடுவே நீளும் பல்லுள்ள திருகு, அதுதான் அட்ஜஸ்டர்) வழியாகப் பின் ஷூவைத் தள்ளும். இரண்டுமே கவ்வும், பெரும்பாரம் பின்னதன் மேல். அதனால்தான் அதன் லைனிங் நீளம். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் பிடிப்பு குறைந்து, குட்டை லைனிங் சீக்கிரம் தீரும். அங்கே ‘தொடக்கக்கட்டை’, ‘தொடர்கட்டை’ என்று வைக்கலாம்.

ஸ்டார் வீலுக்கு ‘நட்சத்திரச் சக்கரம்’ வேண்டாமே, ஜோசியம் போலிருக்கிறது. ‘பல்திருகு’ போதும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் அதன் மரை வேறு என்பதை மட்டும் விடாதீர்கள். வலமரை, இடமரை என்று வைக்கலாம். பக்கம் மாறினால், தானாக நீள வேண்டிய அட்ஜஸ்டர் சுருங்கிக்கொண்டே போய், பெடல் நாளுக்கு நாள் கீழே இறங்கும்.

குன்னூரிலிருந்து:

எல்லாம் ஏற்கத்தக்கவை. மாட்டும் பகுதியையும் சேர்த்தே திருத்தியிருக்கிறேன், பாருங்கள்.

டிரம்மைக் கழற்ற ஹேண்ட்பிரேக்கை விடுவித்தாக வேண்டும். பின்சக்கர இயக்க வண்டியில் பின்பக்கம் முழுவதும் தூக்கியபின், கியரில் போட்டிருந்தாலும் அது வண்டியைப் பிடிக்காது. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கல் கொடுத்தால்தான் வண்டி நிற்கும். நம் ஊரில் மட்டமான தரை கிடைப்பது அபூர்வம், கிடைக்கும்வரை ஜாக்கியைத் தொட வேண்டாம். தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்க வேண்டும். ஜாக்கியை நம்பி வேலை செய்யக் கூடாது.

ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் திறப்பது நல்லது, ஸ்பிரிங் எங்கே மாட்டியது என்பதற்குத் திறக்காத பக்கம் சாட்சி. தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சிலிண்டர் ரப்பரை லேசாகத் தூக்கிப் பார்த்து, உள்ளே பிரேக் ஆயில் ஈரம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஷூ உரசும் பேக் பிளேட் (ஷூக்களுக்குப் பின்னால் உள்ள தகடு) மேடுகளில் வெப்பம் தாங்கும் கிரீஸ், பூசியது தெரியாத அளவுக்கு. லைனிங்கில் கிரீஸ் கைபட்டால் மணல்தாளால் தேய்த்துச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள்.

முதலில் பல்திருகு, பிறகுதான் ஹேண்ட்பிரேக் கேபிள். கேபிளை முன்னால் இறுக்கினால் ஷூ தன் இடத்துக்குத் திரும்பாது. பார்க்க அளவு சரியாகத் தோன்றும், ஓடும்போது உரசிச் சூடேறும். டிரம்மைக் கையால் சுற்ற முடியாமல் போகும்வரை பல்திருகை நீட்டி, பெடலைச் சிலமுறை மிதித்து ஷூவை நடுவாக்கி, லேசான உரசல் மட்டும் கேட்கும்வரை தளர்த்த வேண்டும். உரசலே இல்லாமல் விட்டால் பெடல் ஆழமாகப் போகும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் டிரம் சூடேறி வெளிப்பக்கம் விரியும்போது ஷூ இன்னும் தூரம் நகர வேண்டிவரும். பிரேக் மட்டும் நம்பி இறங்காமல் சிறிய கியரில் இறங்கச் சொல்வது இதற்கும்தான்.

கோத்தகிரியிலிருந்து:

மழைநாளில் ஹேண்ட்பிரேக் இழுத்து நிறுத்திய வண்டியில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு ‘துருப்பிடிப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் துருவுக்கும் பொருந்திவிடும். ‘ஒட்டிப்போதல்’ என்றே விடலாம். ஹேண்ட்பிரேக் லீவருக்கும் ஷூவுக்கும் நடுவே நிற்கும் தட்டைக் கம்பி ‘முட்டுக்கம்பி’ ஆகட்டும். அதில் ஸ்பிரிங் எந்த முனையில் இருந்தது என்று கழற்றும் முன் படம் எடுக்கும்படி ஒரு வரி சேருங்கள்.